தஞ்சாவூர்க் குறிப்பும் சுங்கை பாக்காப் மண்ணும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப்பிலிருந்து நிபோங் திபால் வரையிலான வட்டாரத்தில், அரை ஏக்கரிலும் ஓர் ஏக்கரிலும் கீரை, வெண்டை, முருங்கை, வாழை, கறிவேப்பிலை என்று பயிரிட்டு விற்கும் தமிழர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருடைய கொல்லையில் கூடுவது வழக்கம். பெயரோ பதிவோ தலைவரோ இல்லாத கூட்டம் இது. தேநீரும் வடையும் வீட்டுக்காரர் பொறுப்பு. பேச்சு பெரும்பாலும் மண்ணைப் பற்றியதாகவே இருக்கும். பேசப்படுவதை எழுதிவைக்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற ஒரு செய்தியைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களிடையே செய்முறைகள் மிக எளிதாகக் கைமாறுகின்றன. ஆனால் அந்தச் செய்முறை எந்த மண்ணில், எவ்வளவு மழையில் பலித்தது என்ற தகவல் மட்டும் உடன் வருவதில்லை.

மண்வளம் பற்றி நாங்கள் பேசுவதில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் வழியாக வந்தது. இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஐயாவின் (1938–2013) உரைகள், மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல், கொடுமுடி மருத்துவர் நடராஜனின் பஞ்சகவ்யா, மீன் அமிலம், பலதானிய விதைப்பு, மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கு ஆகியவை இன்று பினாங்கில் இயற்கை விவசாயம் செய்யும் தமிழர்களுக்கு நன்கு பழகிய பெயர்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இத்தகைய முறைகளை மக்களிடம் கொண்டுசேர்த்து வந்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது யூடியூப்பும் சேர்ந்துகொண்டது. ஈரோட்டு விவசாயி பேசுவது நமக்கு நேராகப் புரிகிறது. பக்கத்து மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) வாழ்நாளெல்லாம் இதே மண்ணைக் கிளறியவர் சொல்வதைக் கேட்க நாம் அந்த அளவுக்கு அக்கறை காட்டுவதில்லை. மொழி ஒன்று என்பதற்காக மண்ணும் ஒன்றாகிவிடுமா என்ன?

தமிழ்நாட்டுச் சமவெளிகளின் மண்ணில் பெரும்பகுதி நடுநிலையானது அல்லது காரத்தன்மை கொண்டது. கரிசல் நிலங்களில் பிஹெச் அளவு (7 நடுநிலை; அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 8ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஆண்டு மழை சராசரியாக 1000 மில்லிமீட்டருக்குக் குறைவு. அதுவும் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தீபகற்ப மலேசியாவில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. இந்நாட்டு நிலப்பரப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேல் மிக நீண்ட காலம் மழையில் அரிக்கப்பட்டுப் பழுத்த சிவப்பு, மஞ்சள் மண்வகைகள். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) கரைத்துக் கீழே இழுத்துச் சென்றுவிட, இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிவிடுகின்றன. பிஹெச் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும்போது அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. போடுகிற மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுப்பதில்லை. செடி பசியோடு நிற்பதைப் பார்த்து நாம் மேலும் உரம் கொட்டுகிறோம், அது மேலும் பூட்டப்படுகிறது.

இதனால்தான் ஒரே பொருள் கடலுக்கு அந்தப் பக்கம் தீங்காகவும் இந்தப் பக்கம் மருந்தாகவும் இருக்க முடிகிறது. விறகுச் சாம்பலைக் களர் (கார உப்பு மிகுந்த) நிலத்தில் கொட்டாதே என்று ஒரு காணொளியில் கேட்ட அண்ணன் ஒருவர், தம் வீட்டு அடுப்புச் சாம்பலையெல்லாம் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய நிலமோ புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துச் செம்மண் சரிவு. அவருக்குத் தேவைப்பட்டதே அந்தச் சாம்பலும், நெல் ஆலைகளில் கிடைக்கும் கருக்கிய உமியும், டோலமைட் என்ற மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூளும்தான். அங்கே களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம். இங்கே புளிப்பைக் குறைக்க அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒரே வெள்ளைத் தூளாகத்தான் மனத்தில் பதியும். ஆனால் ஜிப்சம் புளிப்பைக் குறைக்காது.

மூடாக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே அது முதன்மையாக ஈரத்தைக் காப்பதற்காக. இங்கே ஈரம் பெரும்பாலான மாதங்களில் ஒரு பிரச்சினையே இல்லை. மாலை நான்கு மணிக்கு இடியோடு இறங்கும் மழைத்துளியின் அடியிலிருந்து மண்ணைக் காப்பதுதான் மூடாக்கின் முதல் வேலை. வெறும் பாத்தியில் துளி விழுந்தால் மண்துகள் சிதறி, நுண்துளைகளை அடைத்து, மேலே ஓர் ஓடு படியும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் வாய்க்காலுக்கு ஓடும். ஆகவே எவ்வளவு கனமாகப் போடுவது என்பதைவிட, ஒரு நாள்கூட நிலம் வெறுமையாக இராமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே முக்கியம். இன்னொன்றும் உண்டு. இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் இலைதழை மிக வேகமாக மக்கிவிடும். அங்கே ஒரு பருவம் முழுவதும் கிடக்கும் வைக்கோல் இங்கே சில வாரங்களில் காணாமல் போய்விடுகிறது. அதை உழுது காற்றுக் காட்டினால் இன்னும் விரைவாகப் போய்விடும்.

ஜீவாமிர்தத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை இங்கே குறிப்பிட வேண்டும். "அண்ணே, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தவறாம ஊத்துறேன். கீரை மட்டும் மஞ்சளாவே நிக்குது" என்று ஒரு தம்பி குறைப்பட்டுக்கொண்டார். கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், இதுதான் அளவு. ஈரச் சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை விழுக்காடு என்று கொண்டால் 10 கிலோவில் 50 கிராம். கோமியத்தையும் மாவையும் சேர்த்தாலும் மொத்தம் கால் கிலோ அளவில்தான் நிற்கும். ஒரு ஏக்கர் கீரைக்கு அது எம்மூலைக்கு? அந்தக் கரைசல் உரம் அல்ல என்பதை அதைப் பரப்பியவர்களே சொல்லியிருக்கிறார்கள். மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களைப் பெருக்குவதும், அவை அங்கே கிடக்கும் இலைதழையை உடைத்துச் சத்தாக்குவதும்தான் அதன் நோக்கம். தம்பியின் பாத்தியில் உடைப்பதற்கு எதுவுமே கிடக்கவில்லை. சுத்தமாகப் பெருக்கி, வரப்பு வெட்டி, கோலம் போடலாம் என்கிற அளவுக்கு வைத்திருந்தார். என் கருத்தைக் கேட்டால், ஜீவாமிர்தத்தைப் பற்றி நாம் பேசும் நேரத்தில் பாதியை இலைதழைக்குக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இலைதழைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் எளிய விடை செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை. பழங்களை உதிர்த்தபின் ஆலையில் மிஞ்சும் வெறுங்குலை, ஆலைக்குள் போகும் மொத்தக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். சாம்பல் சத்து நிறைந்தது. லாரி வாடகை கொடுத்தால் வந்து சேரும். ஆனால் இதற்கும் ஒரு முறை இருக்கிறது. குவித்துப் போட்டால் உள்ளே சூடாகி மக்கத் தொடங்கும். அந்த ஈரமான மக்கில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கட்டை விரல் பருமனுக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைக் குவியலின் அடியில் கைநிறைய அள்ளியவர்கள் எங்களில் உண்டு. வளர்ந்த வண்டு பறந்துபோய் அண்டை வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும்போது இயற்கை விவசாயத்துக்குக் கிடைக்கும் நற்பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரே அடுக்காகப் பரப்பிவிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கூடாது. மண்ணுக்குள் புதைக்கவும் கூடாது. கரி மிகுதியாகவும் தழைச்சத்து குறைவாகவும் உள்ள பொருளாதலால், புதைத்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். மேலே கிடக்கட்டும்; அடியில் கொஞ்சம் கோழி எரு தூவினால் நன்று.

இந்த வண்டுச் செய்தியைச் சொன்னவர் விவசாய அதிகாரி அல்லர். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. பேரனோடு கூட்டத்துக்கு வருவார், பெரும்பாலும் பேசமாட்டார். செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று பயிர் மாறியதே தவிர, அந்த மண்ணில் இறங்கி வேலை செய்தவர்களில் நம்மவர்கள் பெருந்தொகையினராக இருந்தார்கள். அந்த அனுபவத்தை நாம் கூலிவேலை என்று எண்ணி மறந்துவிட்டோம். அது மண்ணறிவு என்று நமக்குத் தோன்றுவதில்லை.

ரப்பர் வந்த புதிதில், மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பதுதான் துரைமார்களின் கொள்கை. ஆட்களை வைத்துத் துப்புரவாகக் களை எடுத்தார்கள். மழை வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. சரிவுகளில் வேர்கள் வெளியே தெரிந்தபிறகுதான் மண்ணைத் தேக்கும் குழிகளும் வரப்புகளும் வெட்டத் தொடங்கினார்கள். பின்னர் நிலத்தை மூடும் பயறுவகைக் கொடிகளை வளர்க்கும் பழக்கம் வந்தது. 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகத்தின் காலத்தில் இது முறையான வழக்கமாகவே ஊன்றியது. காலப்போகோனியம், பியூரேரியா, சென்ட்ரோசிமா என்பவை அந்தக் கொடிகளின் பெயர்கள். பாட்டிக்கு அவையெல்லாம் வெறும் கொடிதான். "வெதைய வெந்நீர்ல போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சுடணும். காலையில அந்தக் கல்லுத்தூளோட பெசஞ்சு வரிசையா தூவுவோம். இல்லன்னா மொளைக்காது" என்றார்.

அந்தக் கல்லுத்தூள் என்பது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாஸ்பேட் பாறைத்தூள். வெந்நீர் எதற்கென்றால் விதையின் கெட்டித்தோலை இளக்க. பாறைத்தூள் எதற்கென்றால் முளைத்த கொடிக்கு மணிச்சத்து கிடைக்க. பாறைத்தூள் புளிப்பான மண்ணில்தான் கரையும். தமிழ்நாட்டின் கார மண்ணில் அதைத் தூவினால் கல்லாகவே கிடக்கும். ஆகவே அங்கிருந்து வரும் எந்தக் காணொளியிலும் இந்த முறை பெரிதாகச் சொல்லப்படாது, சொல்லவும் வேண்டியதில்லை. நமக்குப் பொருத்தமான செய்தி நம் கூட்டத்தின் பின்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது.

இதற்கு நேர்மாறான பயணமும் ஒன்று நடந்திருக்கிறது. இன்று செம்பனைத் தோட்டங்களில் மண்டிக்கிடக்கும் முகுனா பிராக்டியாட்டா என்ற கொடி, 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. நிழலையும் தாங்கும், களையை நன்றாக அடக்கும். ஆனால் நமது தாழ்நிலத்தில் பொதுவாகப் பூத்து விதை பிடிப்பதில்லை என்பதால் விதையை வெளியிலிருந்து வாங்கவோ தண்டை வெட்டிப் பதியம் போடவோ வேண்டியிருக்கிறது. தோட்டக்காரர்களுக்கு அது வரம். காய்கறிப் பாத்திக்காரர்களுக்குத் தலைவலி. ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கத்திரியும் தெரியாது, வேலியும் தெரியாது. வாழைக்கு நடுவே வேண்டுமானால் வெட்டி வெட்டிப் போட்டு வளர்க்கலாம்; கீரைப் பக்கம் விடவேண்டாம் என்பது கூட்டத்தின் ஒருமித்த முடிவு. ஒருமித்த முடிவு எங்களிடையே அபூர்வம் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

களைக்கொல்லியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாராகுவாட் இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் நகமும் தோலும் கண்ணும் பட்ட பாட்டைப் பெண்கள் உரிமை அமைப்பான தெனாகனித்தாவும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002இலேயே ஆய்வாக வெளியிட்டன. எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண்களில் சிலர் இயற்கை முறைக்கு வந்ததற்கு மண்வளம் காரணமே அல்ல. அந்தத் தெளிப்பானை மீண்டும் முதுகில் மாட்ட மாட்டோம் என்ற முடிவுதான். மண்வளம் பின்னால் வந்து சேர்ந்தது.

மண்ணைச் சோதிக்கும் வழிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கட்டி கரையும் சோதனை. ஜாவி பக்கத்தில் ஓர் அக்காவின் கொல்லையில் அதைச் செய்து பார்த்தோம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, வாயில் தேநீர் வடிகட்டியைப் பொருத்தி, நன்றாக உலர்ந்த மண்கட்டி ஒவ்வொன்றை அதன்மேல் நீரில் மூழ்கும்படி வைத்தார். ஒன்று ஆண்டுக்கணக்கில் கொத்தி உரமிட்ட வெண்டைப் பாத்தியிலிருந்து எடுத்தது. மற்றொன்று வேலியோரம் யாரும் தொடாமல் கிளைரிசிடியா என்ற வேலிமரத்தின் இலை உதிர்ந்து கிடந்த இடத்திலிருந்து எடுத்தது. பாத்தி மண் உடனே குமிழிவிட்டது. ஓரங்கள் சரிந்தன, நடுவில் ஒரு விரிசல் ஓடியது, ஒரு நிமிடத்துக்குள் கட்டி முழுவதும் வடிகட்டியின் வழியே இறங்கி, போத்தல் தே தாரேக் எனும் பால்தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. வேலியோரத்துக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்து அக்கா விரலால் பிட்டுக் காட்டினார்: உள்ளே மயிரிழை போன்ற வேர்களும் அதனினும் மெல்லிய வெள்ளைப் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைப் பின்னிப் பிடித்திருந்தன. இரண்டும் பத்தடி தூரத்தில் எடுத்த, ஒரே தன்மையுள்ள மண். கொத்துவது இந்த இழைகளை அறுக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாத செய்தி அந்தப் போத்தலைப் பார்த்ததும் ஏறியது.

சோதனை முடிந்ததும் புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் தம் செம்மண் கட்டியை வைத்தார். அதுவும் கரையவில்லை. "நம்ம மண்ணும் நல்ல மண்ணுதான் போல" என்று அவர் மகிழ்ந்தபோது குறுக்கிட வேண்டியிருந்தது. பழுத்த செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளே துகள்களை இறுகப் பிணைத்திருக்கும். உயிரே இல்லாவிட்டாலும் கட்டி நீரில் நிற்கும். ஆகவே இந்தச் சோதனையில் ஒருவர் மண்ணை இன்னொருவர் மண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரவர் பாத்தியை அவரவர் வேலியோரத்தோடு ஒப்பிட வேண்டும்.

கடலோரத்து நண்பர்களுக்கு வேறொரு கவலை. சதுப்பு நிலமாக இருந்த சாம்பல்நிறக் களிமண்ணில், வடிகாலை ஆழமாக வெட்டினால் அடியில் கிடக்கும் கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டு அமிலமாக மாறும். வெட்டி எறிந்த மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. பிஹெச் 3.5க்கும் கீழே போகக்கூடும். அங்கே நல்ல வடிகால் வேண்டும் என்ற பொதுவான அறிவுரையை அப்படியே கேட்டால் நிலமே கெட்டுவிடும். ஆழமில்லாத வாய்க்கால், உயர்த்திய பாத்தி, இவ்வளவுதான் அவர்களுக்கு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை நிலத்தின் மீது நமக்கு இருக்கும் பிடி. எங்களில் சிலர் சொந்த நிலத்தில் பயிரிடுகிறார்கள். மற்றவர்கள் வாய்மொழிக் குத்தகையிலோ, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில அனுமதியிலோ இருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த அனுமதி எந்த மாதம் கொடுக்கப்பட்டாலும் அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும்; ஆண்டுதோறும் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். மண்ணில் கரிமம் ஏறப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த தையில் இந்த நிலத்தில் நிற்போமா என்று தெரியாதவரிடம் கிளைரிசிடியா வேலி நடச் சொல்வதும், சரிவில் வெட்டிவேர் வைக்கச் சொல்வதும் கேலியாகத்தான் படும். பத்து காவான் பகுதியில் செம்பனை நின்ற இடமெல்லாம் தொழிற்பேட்டையும் பேரங்காடியுமாக மாறியதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே எங்கள் பேச்சில் இரண்டு பட்டியல் தனித்தனியாக உருவாகிவிட்டது. நிலம் உறுதியானவர்களுக்கு மரவேலி, மூடுகொடி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் பல ஆண்டுகளில் கொடுப்பது. உறுதியில்லாதவர்களுக்கு அதே பருவத்தில் பலன் தருபவை: கருக்கிய உமி, கோழி எரு, பாத்தியை வெறுமையாக விடாமல் தட்டைப்பயறு ஊன்றி அங்கேயே வெட்டிப் போடுவது. முதல் பட்டியலில் இருப்பவர் இரண்டாம் பட்டியலில் இருப்பவருக்கு அறிவுரை சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்வது நல்லது.

இப்போது குறிப்பேட்டில் எந்தச் செய்முறையை எழுதினாலும் அதன்கீழ் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதுகிறேன்: ஊர், மண்ணின் நிறம், பிஹெச், அதற்குமுன் அந்த நிலத்தில் என்ன இருந்தது, செய்த மாதத்தில் மழை எப்படி. முதலில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். இப்போது யாராவது ஒரு காணொளியைக் காட்டினால், "எந்த ஊரு, என்ன மண்ணு?" என்ற கேள்வி என்னிடமிருந்து வருவதற்கு முன்பே வேறு யாரிடமிருந்தாவது வந்துவிடுகிறது. அடுத்த கூட்டம் சிம்பாங் அம்பாட்டில். வர விரும்புகிறவர்கள் பாத்தியிலிருந்து ஒன்றும் வேலியோரத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு மண்கட்டிகளைத் தனித்தனிப் பைகளில் கொண்டுவரவும். குறைந்தது மூன்று நாள் நிழலில் உலர்ந்திருக்க வேண்டும்; ஈரக்கட்டியை வைத்தால் சோதனை பொய் சொல்லும். பிஹெச் பார்க்கும் கருவியை நான் கொண்டுவருகிறேன்.